வெட்டாத பதிப்பு

"உனக்குத் தலை வலிக்காதா கண்ணு?" என்று அண்ணி ஒருநாள் கேட்டாள். அவள் கல்யாணமாகி வந்த முதல் வாரம் அது. நான் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு 'துரு'வின் பாட்டைக் கேட்டபடி போர்வை மடித்துக்கொண்டிருந்தேன். சத்தம் வெளியே கசிந்திருக்கிறது. அவள் அன்பாகத்தான் கேட்டாள். கேட்ட கையோடு தலைவலித் தைலமும் எடுத்து வந்து தேய்த்துவிட்டாள். எனக்குத் தலைவலி இல்லை. ஆனாலும் அதைச் சொல்ல வாய் வராததால் முழுவதும் தேய்த்துக்கொண்டேன்.

நீங்கள் என்னைப் பேசச் சொல்லாமல், தாளும் பேனாவும் கொடுத்து எழுதச் சொன்னது நல்லதாய்ப் போயிற்று. பேச்சு எனக்கு வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னார்கள். எழுந்து நின்றேன். மணி அடிக்கும்வரை நின்றேன். மறுநாளிலிருந்து பள்ளிக்குப் போகவில்லை. அண்ணன் வேன் ஓட்டும் சலவைக்கூடத்திலேயே எனக்கும் துணி மடிக்கும் வேலை கிடைத்தது. துணி பதில் கேட்காது. மடித்த துணிக்கட்டுகளுக்கு நடுவே ஒரு நோட்டுப் புத்தகத்தை ஒளித்துவைத்து எழுதிக்கொண்டிருந்தால் யாருக்கும் தெரியவும் தெரியாது.

உங்களுக்குப் பாட்டு விவரம் தெரியுமோ என்னவோ, சொல்லிவிடுகிறேன். 'நீலக்குடை' என்பது பெரிய ராக் குழு. அதன் கிடார்காரரும் டிரம்ஸ்காரரும் பல வருடங்களுக்கு முன் தனியாக ஒரு பக்கவாட்டுக் குழு நடத்தினார்கள். அதுதான் 'துரு'. இரண்டே ஆல்பம், பிறகு கலைத்துவிட்டார்கள். துருவில் கிடார் இரும்பு அறுப்பதுபோல் இருக்கும். பாடகர் பாடமாட்டார், கதறுவார். நீலக்குடை இப்போது வெளியிடும் பாட்டெல்லாம் பியானோ, மழை, ஜன்னல் ஓரம் என்று இருக்கும். எது உயர்ந்தது என்று ரசிகர்கள் இணையக் குழுவில் நாள் முழுக்க அடித்துக்கொள்வார்கள், உலகத்தில் வேறு பிரச்சினையே மிச்சமில்லாததுபோல.

அங்கே துரு கட்சிக்கு நான்தான் தலைமை. என் பெயர் 'பழைய ஆணி'. நோட்டில் நான்கு தடவை எழுதித் திருத்திய பிறகே எதையும் பதிவேன் என்பதால், என்னை ஐம்பது வயதைத் தாண்டிய ஒலிப்பதிவாளர் என்று நினைத்துக்கொண்டார்கள். நான் மறுக்கவில்லை. ஒருவர் தன் கல்யாணத்துக்கு என்னிடம் ஆசி கேட்டார். கொடுத்தேன். எனக்கு அப்போது பத்தொன்பது வயது.

எதிர்க்கட்சியில் பெரிய வாய் 'தலையணை'. மென்மையான பாட்டுக்கு வாதாடுகிறான் என்று எங்கள் கட்சிக்காரர்கள் வைத்த பட்டப்பெயர். அவனும் ரோஷமில்லாமல் அதையே சூட்டிக்கொண்டான். தலையணை என் அண்ணன். எனக்கு அது முதல் வாரமே தெரியும். நான் ஒரு பதிலைப் போட்டால் பக்கத்து அறையில் அவன் போன் டிங் என்னும். அவனுக்குத் தெரியாது.

சாப்பிடும்போது அண்ணியிடம் புலம்புவான். "ஒரு கிழவன் இருக்கான். எதைச் சொன்னாலும் எகிறிக்கிட்டு வர்றான். ஆனா ஒண்ணு, விஷயம் தெரிஞ்ச ஆளு. அவன்கிட்ட வாதாடுறதுக்குன்னே நான் ரெண்டு தடவை யோசிக்க வேண்டியிருக்கு."

"வயசானவரு, விட்டுக்குடுங்களேன்" என்பாள் அண்ணி.

"இவகிட்ட கேளு. ஏன் பாப்பா, துருவையெல்லாம் இன்னும் கேக்குறியா நீ?"

நான் தண்ணீர்ச் செம்பை அவன் பக்கம் நகர்த்துவேன். எங்கள் வீட்டில் அது ஒரு பதில்.

அவனும் ஒருகாலத்தில் துரு ஆள்தான். ஒரே இயர்போனில் அவனுக்கு ஒரு காது, எனக்கு ஒரு காது. வேன் சும்மா நிற்கும் மதிய நேரங்களில் முன்சீட்டில் உட்கார்ந்து, பேச்சே இல்லாமல் கேட்போம். பேச்சில்லாமல் ஒருவரோடு இருக்கமுடியும் என்பதை நான் அங்கேதான் கண்டுகொண்டேன். அண்ணி வந்த பிறகு அவனுக்குத் தலை வலிக்க ஆரம்பித்துவிட்டது. நீலக்குடையின் புது ஆல்பத்தில் முதல் பாட்டை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தான். அவளும் எங்கள் சலவைக்கூடத்திலேயே வேலைக்குச் சேர்ந்தாள். வேலை செய்யும்போதெல்லாம் அதையே முணுமுணுப்பாள். மூன்றாம் வரிக்குப் பிறகு நான்காவதுக்குப் போகாமல் எப்போதும் இரண்டாவதுக்கே திரும்பிவிடுவாள். அண்ணனுக்கு அந்தத் தப்பு சர்க்கரையாக இனித்தது.

அண்ணிமேல் எனக்குக் கோபம் ஏதும் கிடையாது. இதைப் பாட்டு சம்பந்தப்பட்ட விஷயமாக மட்டுமே பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

ஒருநாள் வாதத்தின் சூட்டில், துருவின் வெளிவராத ஒரு பதிவு என்னிடம் இருக்கிறது, பதினான்கு நிமிடம், என்று எழுதிவிட்டேன். ஐம்பது வயது ஒலிப்பதிவாளரிடம் அதுகூட இல்லாமல் எப்படி? முதலில் எல்லோரும் ஆகா என்றார்கள். ஒரு மாதம் கழித்து எப்போது போடுவீர்கள் என்றார்கள். தலையணை எழுதினான்: "பெரியவரே, ஒரு வாரம் டைம். போடலேன்னா நீங்க சொன்னது எதுவுமே இல்லேன்னு எடுத்துக்குவோம்."

அதன்பிறகு என் பதிவுகளுக்கு அவன் பதில் எழுதவில்லை. வீட்டில் என்னோடு பேசுவது முன்பே குறைந்துவிட்டிருந்தது. இப்போது அங்கேயும் நின்றது. நான் எழுதினால் பக்கத்து அறையில் டிங் என்று கேட்கும், அவ்வளவுதான்.

ஆகவே பதிவைத் தயாரிக்க முடிவு செய்தேன். சலவைக்கூடத்தில் வேலை செய்பவருக்கு அது கஷ்டமில்லை. பெரிய சலவை இயந்திரத்தில் ஒரு போல்ட்டைப் போட்டுச் சுழலவிட்டால் டிரம்ஸ். சக்கரம் தேய்ந்த தள்ளுவண்டியைச் சிமெண்டுத் தரையில் இழுத்தால் கிடார். இஸ்திரி இயந்திரத்தின் நீராவி நடுநடுவே சீறும். எல்லாவற்றையும் போனில் பதிந்து, இலவசமாகக் கிடைக்கும் ஒரு செயலியில் குழைத்தேன். அச்சு அசல் துரு. குறை ஒன்றுதான், கதறல் இல்லை.

நானே முயன்றேன். போர்வைக் குவியலுக்குள் தலையை நுழைத்துக்கொண்டு, இருக்கும் உயிரையெல்லாம் திரட்டிக் கத்தினேன். பக்கத்து மேஜையிலிருந்து இஸ்திரி அக்கா எட்டிப் பார்த்து, "யாருக்கும்மா விக்கல்? தண்ணி குடி" என்றாள்.

கதறலுக்கு ஒரு காரணம் வேண்டும் என்று அப்போதுதான் புரிந்தது. துரு கட்சியின் கொள்கையும் அதுதான். நடிப்புக் கூடாது. இதை நானே நூறு தடவை எழுதியிருக்கிறேன்.

உலர்த்தும் அறையை நீங்கள் பார்த்திருப்பீர்கள். உள்ளே கொடிகள், சுவரில் வெப்ப விசிறி, எழுபது டிகிரி. கதவின் உள்பக்கத் தாழ் உடைந்து ஏழெட்டு மாதம் ஆகிறது. கதவு தானாகச் சாத்திக்கொள்ளும், வெளியிலிருந்துதான் திறக்கமுடியும். அதனால் கீழே ஒரு மரக்கட்டையைச் செருகிவைப்போம். உள்ளே போகிறவர் "கட்டை?" என்று குரல் கொடுக்கவேண்டும். வெளியே நிற்பவர் பார்த்து, "இருக்கு" என்று சொல்லவேண்டும். கூடத்தில் எல்லோருக்கும் இது மூச்சுவிடுவதுபோல் பழக்கம். நாள் முழுக்க நான் சத்தமாகப் பேசுகிற ஒரே வார்த்தை அந்த 'இருக்கு'தான்.

அன்று மதியம் இஸ்திரி அக்கா சாப்பிடப் போயிருந்தாள். அண்ணன் துணி இறக்க வேனோடு வெளியே. அண்ணி ஈரத்துணிக் கூடையோடு உள்ளே போனாள். கதவை ஒட்டிய கொடியில் ஒரு தலையணை உறைக்குள் என் போன் ஏற்கெனவே தொங்கிக்கொண்டிருந்தது.

"கட்டை?" என்றாள்.

"இருக்கு" என்றேன். அந்த நேரத்தில் இருந்தது. நான் பொய் சொல்லவில்லை.

பிறகு எடுத்தேன்.

முதல் நிமிடம் அவள் சிரித்தாள். அப்புறம் தட்டினாள். கூப்பிட்டாள். மூன்றாவது நிமிடத்திலிருந்து அது பாட்டாகத் தொடங்கியது. நான் கதவுக்கு வெளியே, போனை எடுக்கத் தயாராக நின்றுகொண்டிருந்தேன். வேறெங்கும் போய்விடவில்லை என்பதைக் குறித்துக்கொள்ளவும். ஒன்பதாவது நிமிடத்தில் குரல் நின்றது. அதன்பின் ஐந்து நிமிடம் விசிறிச் சத்தம் மட்டும். துருவின் பாட்டுகள் அப்படித்தான் முடியும், கடைசியில் நீண்ட வெறுமை இருக்கும். அவசரமாக முடித்துவிட்டு எழுந்து போவது புதுப் பாட்டுக்காரர்களின் வழக்கம். மேலும் நான் பதினான்கு நிமிடம் என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

பதினான்காவது நிமிடம் கதவைத் திறந்தது நான்தான். இழுத்து வெளியே போட்டதும், தண்ணீர் தெளித்ததும் நான்தான். அண்ணன் வந்ததும் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டு அழுதான். கட்டை வழுக்கிவிட்டது என்று எல்லோரும் முடிவு செய்தார்கள். முதலாளி புதுத் தாழ் போடச் சொன்னார். அண்ணிக்கு உள்ளங்கைகளில் கொப்புளம். கதவின் இரும்புத் தகட்டைத் தட்டியதால் வந்தது. நினைவு வந்ததும் அவள் என் முகத்தைப் பார்க்காமல் என் செருப்பையே பார்த்துக்கொண்டு, "நீதான் தொறந்த" என்றாள். நன்றி சொல்லக் கூச்சப்படுகிறாள் என்று நினைத்தேன். கூச்சம் எனக்குத் தெரிந்த விஷயம்.

அதற்குப்பின் அவள் கழிப்பறைக் கதவைக்கூடச் சாத்துவதில்லை. முணுமுணுப்பும் நின்றுவிட்டது.

குரலை மூன்று படி கீழே இறக்கி, இரைச்சலில் முக்கி, ஆரம்பத்தை வெட்டிவிட்டுப் பதிவைப் போட்டேன். குழு ஆடிப்போயிற்று. "தலைவா, உடம்பெல்லாம் சிலிர்த்துப்போச்சு." "புது ஆல்பத்துல இதுல ஒரு செகண்ட் உண்டா? மனச்சாட்சியத் தொட்டுச் சொல்லுங்கடா." ஆசி வாங்கியவர் தன் குழந்தைக்கு முதன்முதலில் கேட்கவைக்கப்போவது இதைத்தான் என்று எழுதினார். தலையணை இரண்டு நாள் கழித்து எழுதினான்:

"பெரியவரே, தோத்துட்டேன். என் வீட்டம்மாவுக்கு உடம்பு சரியில்ல. அவ தூங்குறப்ப பக்கத்துல உக்காந்து கேட்டேன். ஏன்னே தெரியல, அழுகை வந்துடுச்சு. இது நடிப்பே இல்ல."

அந்த வரிகளை நோட்டில் எழுதிவைத்திருக்கிறேன். விசாரணைக்கு என்று நீங்கள் எடுத்துப்போன நோட்டில் பார்க்கலாம். கோடு போட்டிருப்பேன்.

அதோடு நான் நிறுத்தியிருக்கலாம். எவனோ ஒருவன், "ஆரம்பம் வெட்டின மாதிரி இருக்கு. வெட்டாத பதிப்பு எங்க?" என்று கேட்டான். இதை நீங்கள் என் முட்டாள்தனம் என்பீர்கள். துரு ரசிகரிடம் வெட்டாத பதிப்பைக் கேட்டால் மறுக்கமுடியாது. வெட்டியதெல்லாம் கடைச்சரக்கு, வெட்டாததே சத்தியம் என்று இரண்டு வருடமாகப் பக்கம் பக்கமாக எழுதியவள் நான். என் கொள்கையை நானே காப்பாற்றவேண்டியிருந்தது. குரலை இறக்கியது இறக்கியபடி இருக்க, ஆரம்ப ஒரு நிமிடத்தையும் சேர்த்துப் போட்டேன்.

அந்த ஒரு நிமிடத்தில் "கட்டை?" இருக்கிறது. "இருக்கு" இருக்கிறது. பிறகு ஒரு முணுமுணுப்பு. பிறகு மரம் தரையில் உரசும் சத்தம்.

"அந்த 'இருக்கு' என்னா ஆழம்!" என்று ஒருவர் ஒரு பக்கத்துக்கு விளக்கம் எழுதினார். என் குரலை முதல்முறையாக ஆயிரம் பேர் கேட்டு, ஆழம் என்றார்கள். ஒன்பதாம் வகுப்பு டீச்சர் அந்தக் குழுவில் இல்லையே என்று வருத்தமாக இருந்தது. இன்னொருவன் மட்டும் கேட்டான்: "துரு கலைஞ்சு எத்தனையோ வருஷம் ஆச்சு. போன வருஷம் வந்த நீலக்குடைப் பாட்டை இதுல எப்படி முணுமுணுக்கிறாங்க? அதுவும் தப்பா?"

நான் பதிலை நோட்டில் திருத்திக்கொண்டிருந்தபோது தலையணையிடமிருந்து ஒரே ஒரு கேள்வி வந்தது. "பெரியவரே, குரலை எத்தனை படி இறக்கினீங்க?"

தொழில் கேள்வி. தொழில்காரராக, "மூன்று" என்று பதில் போட்டேன்.

மறுநாள் மதியம் அண்ணன் கூடத்துக்குள் வந்தான். வேன் சாவி கையில் இருந்தது. நேராக என் மேஜைக்கு வந்து, பக்கத்தில் இருந்த துணிக்கட்டின்மேல் உட்கார்ந்தான். இயர்போனை எடுத்து, ஒன்றைத் தன் காதில் மாட்டிக்கொண்டு மற்றதை என் பக்கம் நீட்டினான். நான் வாங்கி மாட்டிக்கொண்டேன்.

மூன்று படி மேலே ஏற்றியிருந்தான். இரைச்சலையும் முடிந்தவரை துடைத்திருந்தான். சுத்தமான வேலை, ஐம்பது வயது ஒலிப்பதிவாளரால்கூட முடியாது. அண்ணி கேட்டாள், நான் சொன்னேன், அவள் முணுமுணுத்தாள், மூன்றாம் வரியிலிருந்து இரண்டாவதுக்குத் திரும்பினாள், கட்டை நகர்ந்தது. நான்காவது நிமிடத்தில், அன்று கதவுக்கு வெளியே நின்று நான் கேட்ட வரி வந்தது: "கண்ணு, கதவுக்குக் கீழ உன் செருப்பு தெரியுது. அங்கதான நிக்குற? தொற கண்ணு."

அவன் நிறுத்தவில்லை. கடைசி ஐந்து நிமிட விசிறியையும் கேட்டோம், பேச்சே இல்லாமல், வேனில் கேட்பதுபோலவே. என் தோளுக்கும் அவன் தோளுக்கும் நடுவே இயர்போன் வயர் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

முடிந்ததும் அவன் என் காதிலிருந்து அதை மெதுவாக எடுத்தான். வயரைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டான். மேஜையடியில் கழற்றிவிட்டிருந்த என் செருப்பைக் கொஞ்சநேரம் பார்த்தான். எழுந்து போனான்.

பதினைந்து நிமிடத்தில் ஒரு நொடியைக்கூட அவன் தாண்டவில்லை. பிடிக்காத பாட்டை யாரும் அப்படிக் கேட்கமாட்டார்கள்.