மூணாவது மலை தெரியலை

…டிக்கெட்ல நாப்பத்தேழு நிமிஷம்னு போட்டிருக்கான் பாருங்க டாக்டர், அதப் படிச்சாலே எனக்குப் பத்திக்கிட்டு வரும். பறக்குறவனுக்குத்தான் அது நாப்பத்தேழு நிமிஷம். இங்க நிக்கிறவனுக்கு? செவ்வாய விட்டா வெள்ளி, வாரத்துக்கு ரெண்டே பிளேன். தரை வழியாப் போனா படகு, லாரி, மறுபடி படகு. நான் போயிருக்கேன். முப்பத்தோரு மணி நேரம், இருபது நிமிஷம். வாந்தி எடுக்க நிறுத்தினதையும் சேத்துத்தான்.

இல்ல இல்ல, உக்காருங்க. எங்க போகப் போறீங்க, பிளேனே இன்னும் சிட்டியிலேருந்து கெளம்பல. மாசாமாசம் இங்க வந்து, உங்க நாற்காலியில என்னை மல்லாத்திப் போட்டு, வாய்க்குள்ள பல்லு புடுங்குற இடுக்கிய விட்டுக்கிட்டு, "வீட்ல எல்லாரும் சௌக்கியமா"ன்னு கேப்பீங்களே. அப்ப எப்படிப் பதில் சொல்றது? இன்னிக்கு மாட்டிக்கிட்டீங்க.

எங்க விட்டேன்... ஆங், பிளேன். இந்த ஓடுபாதைக்கு நான்தான் வானம் பாக்குற ஆளு. காலைல ஒம்பது மணிக்கு வாசல்ல நின்னு பாக்கணும். எதுத்தாப்புல வரிசையா மூணு மலை, அதுல மூணாவது மலை தெரிஞ்சா ரேடியோவுல சொல்லுவேன், அங்கேருந்து பிளேனக் கெளப்புவாங்க. தெரியலன்னா கெளப்ப மாட்டாங்க. பத்தொம்பது வருஷமாச்சு, ஒரு தடவ கூட மாத்திச் சொன்னதில்ல. பைலட்டு ஒருத்தரு, "பெரியவர் சொல்லிட்டா நான் கண்ண மூடிக்கிட்டு எறக்குவேன்"னாரு. அப்படியெல்லாம் எறக்காதீங்கன்னுட்டேன்.

வெளிய பெஞ்சுல பச்சைப் பையோட உக்காந்திருக்காளே, அது எங்க வீட்டம்மா. பொண்ணு சிட்டியில இருக்கா, முழுகாம இருக்கா. பிரசவத்துக்கு இன்னும் ஒம்பது வாரம் கெடக்கு, இவ இப்பவே கெளம்பிட்டா. மூணு மாசமாம். பதிமூணு வாரம், டாக்டர். பருப்பு எந்த டப்பா, உப்பு எந்த டப்பான்னு சமையக்கட்டு பூரா சீட்டு எழுதி ஒட்டிட்டா. ஒட்டி முடிச்சுட்டு, "நாப்பத்தேழு நிமிஷந்தானே, எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீங்க"ன்னு கேட்டா. நான் வானம் பாக்கக் கெளம்பி வந்துட்டேன். நமக்கு மேகத்தப் பத்தின்னா பேச வரும். மத்ததெல்லாம் வராது.

என்ன, ஜன்னலயே பாக்குறீங்க? ...ஆமா, வெயில்தான். ஆமா, நீலமாத்தான் இருக்கு. விரல் விட்டு எண்ணாதீங்க டாக்டர்... சரி. மூணுதான். மூணும் தெரியுது. காலையிலேருந்தே தெரியுது. உச்சியில நிக்கிற மரங்கூடத் தெரியுது. நான்தான் ரேடியோவுல மூடியிருக்குன்னு சொல்லிட்டேன். அந்தப் பச்சைப் பையைப் பாத்தேனா, வாயில அப்படி வந்துடுச்சு.

டாக்டர்... எந்திரிக்காதீங்க. அந்தப் பக்கம் எங்க போறீங்க... அவகிட்டச் சொல்லிடாதீங்க...

சொல்லிட்டாரு.

வா. உள்ள வா. மொறைக்காத. ஆமா, பொய்தான். பத்தொம்பது வருஷத்துல ஒண்ணு. இதோ, ரேடியோவுல திருத்திச் சொல்லிடறேன். பிளேன் வந்துடும், போதுமா?

இல்ல... போகாதன்னு சொல்லல. பெத்த பொண்ணு, போகத்தான் வேணும். இன்னிக்குப் போகாத. ஒரு அஞ்சு வாரம் கழிச்சுப் போயேன். நாலு? ...சரி, ரெண்டு.

வெள்ளிக்கிழமையா?

வெள்ளிக்கிழமை போதும். மூணு நாள் இருக்கே, போதும்.

கைய விடு. டாக்டர் பாவம், ஊர் போய்ச் சேரணும். ரேடியோவ எடுக்கணும்.