மூலைக்கு மூலை

— எழுதி வச்சுக்கோ. இந்தப் பூமியில அளவு தப்பாத மனுஷன் ஒரே ஒருத்தன்தான் இருக்கான். அவன் இப்ப உன் முன்னாடி நின்னு பட்டன் தேடிக்கிட்டிருக்கான்.

— பட்டன் உங்க சட்டைப் பையில இருக்கு மாஸ்டர்.

— இருக்கட்டும். பட்டன் வேற, அளவு வேற. முப்பது வருஷமா இந்தத் தையல் மிஷின்ல உக்காந்திருக்கேன். யாரையாவது நிக்க வச்சு டேப் பிடிச்சுப் பார்த்திருக்கியா நீ? ஆள் வாசப்படி ஏறுறதுக்குள்ள தோள், இடுப்பு, கை நீளம் எல்லாம் என் கண்ணுக்குள்ள வந்து உக்காந்துரும்.

— அப்ப கழுத்துல அந்த டேப் எதுக்கு?

— அது மரியாதைக்கு. டாக்டருங்க கழுத்துல ஒண்ணு மாட்டியிருக்காங்கல்ல, அந்த மாதிரி. வந்தவனைப் பார்த்து "உன் அளவு என்னப்பா"ன்னு வாய் விட்டுக் கேக்குறவன் டைலரே இல்ல.

— ஊரோட சேர்ந்து நானும் உங்களை மாஸ்டர்னுதான் கூப்பிடுறேன். ஆனா ஏங்க, நம்ம கல்யாணத்துக்கு எனக்குத் தைச்ச ஜாக்கெட்ல எங்க அக்காவும் சேர்ந்து நுழைஞ்சிருக்கலாம்.

— அது முன்யோசனை. இப்ப சரியா இருக்குல்ல?

— சரி மாஸ்டர், பெருமையை மடிச்சு வச்சுட்டுக் கிளம்புங்க. மணி மூணரை. ஞாயித்துக்கிழமை, ஆறு மணிக்கு நம்ம பாப்பா வேலை பார்க்குற ஊர்லேருந்து கூப்பிடுவா. அதுக்குள்ள கடைக்குப் போய் டேப்லட் வாங்கணும். போன்ல அவ மூஞ்சி ஒரு பட்டன் அளவுக்குத்தான் தெரியுது.

— எட்டு இஞ்ச் வாங்கு. முடிஞ்சுது. மூணு நாளா இதையேதான் சொல்றேன்.

— சொல்றது நீங்க, புழங்கப்போறது நானு. பாப்பா என்ன எழுதியிருந்தா? "எட்டு, பதினொண்ணு, பதிமூணுன்னு மூணு அளவு வரும்மா. மூணுக்கும் அட்டை வெட்டி வீட்டுல வச்சு நாலஞ்சு நாள் புழங்கிப் பாரு, எது கைக்கு ஒத்து வருதோ அதை வாங்கு"ன்னா.

— வெட்டிக் குடுத்தது யாரு? நானு. ஆனா அதை வச்சுக்கிட்டு நீ அடிக்கிற கூத்து இருக்கே!

— என்ன கூத்து?

— நேத்து அடுப்படியில பதினொண்ணை டப்பா மேல சாய்ச்சு வச்சே. "அடுத்து என்ன போடணும்"னு அதையே கேட்டே. அப்புறம் விரலால அட்டையைத் தள்ளித் தள்ளிப் பக்கம் புரட்டினே.

— சமையல் குறிப்பு படிச்சேன்.

— வெறும் அட்டையில?

— ஒரு பழக்கத்துக்குங்க. கை எண்ணெயா இருந்தாலும் தள்ள வருதான்னு பார்க்க வேண்டாமா?

— வந்துச்சா?

— தள்ளினதுல டப்பாவோட சேர்ந்து கீழ வந்துச்சு. பதினொண்ணு ரொம்பப் பெருசு, தாம்பாளம் மாதிரி. பதிமூணு அதுக்கும் மேல. படுத்துக்கிட்டுக் கதை படிக்கலாம்னு மூஞ்சிக்கு மேல பிடிச்சேனா, கண்ணு சொக்கி விட்டுட்டேன், நேரா மூக்கு மேல.

— அட்டை விழுந்து மூக்குல அடிபட்ட முதல் பொம்பளை. இதையும் எழுதி வச்சுக்கோ.

— அதனாலதான் எட்டு பிடிச்சிருக்கு. டப்பா மேல சாய்ச்சா நிக்குது. படுத்துக்கிட்டுப் பிடிச்சா கை வலிக்கல. எம்ப்ராய்டரி படம் பார்த்துத் தைக்கவும் மடியில உக்காருது.

— அதெல்லாம் போகட்டும். நேத்து சாயங்காலம் அந்த எட்டை ஜன்னல்ல நிக்க வச்சு, "எப்படி இருக்கே கண்ணு, ஏன் இளைச்சுட்டே"ன்னு கண்ணைத் துடைச்சே பாரு! பேன்ட் நீளம் குறைக்க வந்தவரு, பேன்ட்டைக் குடுக்காமலே திரும்பிப் போயிட்டாரு. உனக்கும் பைத்தியத்துக்கும் நடுவுல ஒரே ஒரு தையல்தான் இருக்கு.

— பாப்பா மூஞ்சி அதுல எவ்வளவு பெருசா தெரியும்னு பார்த்தேங்க. பார்க்கும்போதே பேச்சு வந்துருச்சு.

— அட்டையில இளைச்சா தெரியுதா உனக்கு? நான் செத்தாலும் அட்டையோட பேச மாட்டேன்.

— நிஜப் பாப்பாவோடயே பேச மாட்டேங்கறீங்க. அட்டையோடயா பேசப்போறீங்க?

— என் கத்திரிக்கோல் எங்க?

— நீங்க அவளோட பேசி எட்டு மாசமாச்சு. ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்கு போன் அடிச்சா உங்களுக்கு உடனே நூல் தீர்ந்துபோயிரும். "அப்பா எங்கம்மா?" "நூல் வாங்கப் போயிருக்காரு கண்ணு." நீங்க வாங்கின நூலை வச்சு இந்தத் தெருவையும் அடுத்த தெருவையும் சேர்த்துத் தைச்சிருக்கலாம்.

— தொழில்னா நூல் வேணும்.

— "முப்பது வருஷத்துல நான் தைச்ச ஒரு துணி திரும்பி வந்ததில்ல"ன்னு ஊரெல்லாம் சொல்றீங்களே. பீரோவுல தொங்குறது என்ன?

— அது துணி இல்ல. கோட்டு.

— ஆமா, கோட்டு. முதல் வேலைக்குப் போட்டுக்கட்டும்னு பாப்பாவுக்கு ஆசை ஆசையாத் தைச்சீங்க. அவ அளவைக் கேட்டீங்களா?

— பெத்தவன் எதுக்குக் கேக்கணும்? கண்ணை மூடினா எம் பிள்ளை கை எனக்குத் தெரியும்.

— கண்ணை மூடினா பத்தாவது படிச்ச பாப்பாதான் தெரிஞ்சா உங்களுக்கு. அப்புறம் ஆறு வருஷம் ஹாஸ்டல்ல இருந்து உங்க உயரத்துக்கு வந்துட்டா. "கை பத்தலப்பா, சரி பண்ணி அனுப்புங்க"ன்னு ஒரு சீட்டு வச்சுத் திருப்பி அனுப்பினா. ஒரே ஒரு சீட்டு. அதுக்கு எட்டு மாசம் கோபமா?

— கோபமில்ல.

— பின்ன?

— எவ்வளவு பத்தலன்னு அவ எழுதல.

— கேட்டா சொல்லிட்டுப் போறா!

— கேக்குறவன் டைலரே இல்லன்னு இப்பத்தானே சொன்னேன். நட. எட்டு இஞ்ச்சுக்கு உறைகூடத் தைச்சு வச்சுட்டேன்.

— இன்னும் வாங்கவே இல்ல, அதுக்குள்ள உறையா?

— அளவு தெரிஞ்சவன் எதுக்குக் காத்திருக்கணும்?

— சரி சரி, அந்த அட்டையையும் எடுங்க, கடையில வச்சுப் பார்க்கலாம். எட்டுன்னா நல்லதுதாங்க. நீங்களும் நானும் தோளை இடிச்சுக்கிட்டு உக்காந்தா பாப்பாவை ஒண்ணாப் பார்க்கலாம்.

— தோள் எதுக்கு இடிக்கணும்? ஒருத்தர் பார்த்தாப் போதும்.

*

— வாங்க சார், வாங்க மேடம். என்ன பார்க்குறீங்க?

— டேப்லட்மா. எட்டு.

— எட்டு டேப்லட்டா சார்? ஸ்கூலுக்கா?

— ஒண்ணுதாம்மா. எட்டு இஞ்ச்.

— ஓ, சாரி சார். இதோ, எட்டு இஞ்ச். ஓகேவா சார்?

— இது என்ன, டேப்லட்டோட குட்டியா? இதோட அம்மாவைக் கூப்பிடு.

— இதுதான் சார் எட்டு.

— எழுதி வச்சுக்கோம்மா. காலையில எந்திரிச்சா இஞ்ச், படுத்தா இஞ்ச்னு வாழுறவன் நானு. எங்கிட்டயே எட்டுங்கறியா? இந்தா டேப். நீயே பிடி. வெளிச்சம் வர்ற இடத்தை மட்டும் அளந்து சொல்லு.

— ஆறே முக்கால் சார்.

— பார்த்தியா? ஒண்ணேகால் இஞ்ச் காணோம்!

— என்னங்க, சத்தம் போடாதீங்க. எல்லாரும் பார்க்குறாங்க.

— சார், நீளத்தை அளக்கக் கூடாது. இந்த மூலையில வச்சு, அந்த எதிர் மூலைக்குப் பிடிங்க. பாருங்க, எட்டு. ஓகேவா சார்?

— குறுக்காவா?

— மூலைக்கு மூலை சார். டிவிக்குக்கூட அப்படித்தான்.

— ஏம்மா, நான் ஒரு ஆளுக்கு இடது தோள்லேருந்து வலது முட்டி வரைக்கும் குறுக்கால அளந்து, "இதான் உன் சட்டை"ன்னு தைச்சுக் குடுத்தா, அவன் போட்டுப்பானா?

— போட மாட்டாங்க சார்.

— போட மாட்டான்ல? அப்ப இதை மட்டும் எப்படி ஊரே வாங்குது?

— அவரு கிடக்காரு, நீ இந்த அட்டையைப் பாரும்மா. வீட்டுல எட்டுன்னு வச்சுப் புழங்கினது. நீ காட்டுறது இதுல பாதிதான் இருக்கு.

— மேடம், இது பத்து இஞ்ச் நீளம் இருக்கே?

— பத்தா? ஏங்க, எட்டுக்குத்தானே வெட்டினீங்க?

— எட்டுக்குத்தான் வெட்டினேன். எட்டு நீளம். மேல அரை, கீழ அரை, தையலுக்கு. ஒன்பதாச்சா? அப்புறம் வளர்றதுக்கு ஒரு இஞ்ச்.

— எது சார் வளர்றதுக்கு?

— டேப்லட்தான். வாங்கினப்புறம் மாசாமாசம் அப்டேட் ஆகும்னு எம் பொண்ணு எழுதியிருந்தா.

— சார், அது உள்ளே நடக்குறது.

— எல்லாம் உள்ளேதான்மா ஆரம்பிக்கும். எனக்கு இந்த வயிறு எப்படி வந்துச்சுன்னு நினைக்கிறே?

— இந்த உறையில போட்டுப் பாரும்மா. இதுவும் அவரு தைச்சதுதான்.

— போட்டுட்டேன் மேடம். உள்ள இருக்கான்னு தேடிப் பார்க்கணும்.

— அப்பா சட்டையைப் போட்டுக்கிட்ட பிள்ளை மாதிரி இருக்கு! ஐயோ, சிரிச்சு வயிறு வலிக்குது எனக்கு.

— மேடம், ஒரு நிமிஷம். அந்த அட்டையைக் குடுங்க. இதோ இன்னொரு டேப்லட், இது பதினொண்ணு. இதுக்கு மேல வச்சுப் பார்க்குறேன்... அட! ஒட்டி வச்ச மாதிரி இருக்கு. உறையிலயும் வழுக்கிட்டுப் போய்க் கச்சிதமா உக்காருது. ஓகேவா மேடம்?

— மாஸ்டர்! தப்பு மேல தப்பாப் போட்டு, கடைசியில சரியான அளவுக்கு வந்து சேர்ந்துட்டீங்களே!

— அளவு தப்பாதுன்னு அப்பவே சொன்னேனா இல்லியா?

— எத்தனை பேர் பார்ப்பீங்க மேடம்? ஒருத்தர்தான்னா அந்த எட்டே போதும், கைப்பையில போட்டுக்கலாம். ரெண்டு பேர் சேர்ந்து உக்காந்து வீடியோ கால் பார்க்கணும்னா பதினொண்ணு எடுங்க.

— ரெண்டு பேர்.

— ஒருத்தர்.

— ரெண்டு பேரும்மா.

— ஒருத்தர்தாம்மா. அந்தக் குட்டியையே கட்டு.

— ரெண்டு பேரும் பேசிட்டுச் சொல்றீங்களா?

— அதாம்மா பிரச்சினை. இவரு பேசினா ரெண்டு பேர், பேசலன்னா ஒருத்தர். ஏங்க, இன்னைக்கு ஒரு நாள் உக்காருங்களேன். நீங்க ஒண்ணும் பேச வேணாம். உங்க மூஞ்சியை அவ பார்க்கட்டும், போதும்.

— எனக்கு நூல் வாங்கணும்.

— இன்னைக்குமா?

— கறுப்பு நூல். நான் முன்னாடி போறேன். நீ எட்டை வாங்கிட்டு வா.

— சார், உங்க அட்டை...

— அதைக் குடும்மா. துணி வெட்ட அளவுக்கு வைக்கிற பேட்டர்ன் அட்டை. வீணாக்கக் கூடாது.

— பார்த்தியாம்மா, அட்டையை எப்படி அணைச்சுக்கிட்டுப் போறாருன்னு? பொண்ணுகிட்ட ரெண்டு வார்த்தை பேசச் சொன்னா மட்டும் நூல் தீர்ந்துரும். சரி, பதினொண்ணைக் கட்டு. இல்ல, கட்டாத. எம் பொண்ணு நம்பரைப் போட்டு, எப்படிக் கூப்பிடுறதுன்னு காமி.

— எட்டுன்னு சார் சொன்னாரே மேடம்?

— சார் வெட்டின அளவைத்தானே வாங்குறேன்?

*

— அம்மா, உன் தாடை மட்டும்தான் தெரியுது. கொஞ்சம் மேல தூக்கு.

— இரு கண்ணு, நம்ம வீட்டுப் படி ஏறிக்கிட்டிருக்கேன். இப்ப?

— இப்ப மூக்கு. அட, எவ்வளவு தெளிவாத் தெரியுது! மூக்குல என்னம்மா சிவப்பா?

— பதிமூணு விழுந்துச்சு. அது பெரிய கதை. நீ எப்படி இவ்வளவு பெருசா தெரியுறே! கன்னத்துல பரு வந்திருக்கே, தண்ணி குடிக்கிறியா?

— குடிக்கிறேன்மா. அப்பா இருக்காரா?

— நூல் வாங்கணும்னு சொல்லிட்டு...

— ம். சரிம்மா. பரவாயில்ல.

— இரு, இரு. செருப்பு வாசல்லதான் கிடக்கு. ஸ்ஸ்! சத்தம் போடாத. வெட்டுற ரூம்ல பேச்சுக் கேக்குது.

— யாரோட பேசுறாரு?

— கதவு லேசா திறந்திருக்கு. பார்க்குறேன்... தலை சீவியிருக்காரு. நல்ல சட்டையை எடுத்துப் போட்டிருக்காரு. எதிர்ல... ஐயையோ!

— என்னம்மா? யாரும்மா எதிர்ல?

— அட்டை.

— என்னது?

— எட்டு இஞ்ச் அட்டை. மிஷின் மேல சாய்ச்சு வச்சு நேராப் பார்த்து உக்காந்திருக்காரு. சிரிக்காத, கேட்டுரும். எனக்கே வாயில முந்தானையை அடைச்சுக்கணும் போல இருக்கு. இந்தா, உன்னைக் கதவிடுக்குல பிடிக்கிறேன். மூச்சு விடாமக் கேளு.

— ம்க்கும். ஹலோ. கேக்குதா? என் தலை முழுசாத் தெரியுதா? தள்ளி உக்காரட்டுமா? இல்ல, இப்படியே இருக்கேன். பாப்பா, அப்பா பேசுறேன். ம்ஹும், இது வேணாம், ஆபீஸ்லேருந்து கூப்பிடுற மாதிரி இருக்கு. மறுபடி. என்ன கண்ணு, நல்லா இருக்கியா? நான் நல்லா இருக்கேன். வீட்டுல நூல் நிறைய இருக்கு... உன் கோட்டுக் கை ரெண்டையும் அன்னைக்கே பிரிச்சுட்டேன்மா. சீட்டு வந்த அன்னைக்கே. உங்கம்மாவுக்குத் தெரியாது, வெறும் உடம்பாத்தான் தொங்குது பீரோவுல. உள்ள துணி மடிச்சு விட்டிருக்கேன், தாராளமா நீட்டலாம். எவ்வளவு நீட்டுறதுன்னுதான்... தினம் கண்ணை மூடிப் பார்க்குறேன். ரெட்டைச் சடை போட்ட பிள்ளைதான் வந்து நிக்குது. எழுதி வச்சுக்கோ... இல்ல, நீ எழுத வேணாம். நான் எழுதிக்கிறேன். பென்சில் காதுலதான் இருக்கு. சொல்லும்மா. உன் கை அளவு என்ன?

— இருபத்தி மூணரைப்பா.