ஓட்டுநர் இருக்கையில் இருந்த ஸ்பேனர்

என்னைத் தெருவில் மூட்டைக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள், கிடங்கில் மூட்டை தூக்கிய காலத்தில் வைத்த பெயர். வயது எழுபத்தாறு. பம்ப் பட்டறைக்குப் பின்னால் உள்ள சந்தில், நீல இரும்புக் கதவு போட்ட வீட்டில், மகன், மருமகள், மகள், மருமகன் ஆகியோருடன் குடியிருந்து வருகிறேன். எழுதப் படிக்கத் தெரியாது. பார்த்ததும் கேட்டதும் மறக்காது. இந்த வழக்கில் பிடித்து வைக்கப்பட்டிருப்பவர் என் மகளின் கணவர். வண்டியை ஓட்டிப் போய் ஆஸ்பத்திரியில் கிடப்பவன் என் மகன். யார் அனுப்பியும் வரவில்லை, நானாக ஸ்டேஷனுக்கு வந்தேன்.

மேற்படி கார் என் மகனுடையது. பழைய வண்டி. பள்ளத்தில் இறங்கினால் முன்பக்கம் அடியில் டக் டக் என்று இடிக்கும். மருமகள் அதில் ஏற மறுத்து, "பாத்திரக்கடையை இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு, நான் பஸ்லயே வந்துக்கறேன்" என்று தெருவில் நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டாள். மகனுக்கு அது உறைத்துவிட்டது. அதன் பிறகு, பம்ப் பட்டறையில் வேலை செய்யும் என் மருமகன் அடியில் படுத்துப் பார்த்து, சக்கரத்தைத் தாங்கும் இரும்புக் கை வண்டியோடு சேரும் இடத்தில் ரப்பர் புஷ் தேய்ந்து கிழிந்திருப்பதாகவும், லீவு நாளில் வீட்டிலேயே மாற்றிவிடலாம் என்றும் சொன்னார்.

சம்பவத்தன்று காலையில் இருவரும் வாசலில் வண்டியை ஜாக்கியில் தூக்கி, முட்டுக் கொடுத்து, முன் சக்கரங்களைக் கழற்றினார்கள். போல்ட், நட்டுகளை ஒரு எவர்சில்வர் தட்டில் போட்டு என் மடியில் வைத்தார்கள். எது எந்தப் பக்கத்தது என்று கேட்டால் நான் சொல்வேன். பழைய புஷ் துருப்பிடித்து இறுகி, அடித்தும் வரவில்லை. பட்டறையிலிருந்து கொண்டுவந்த வைஸ் என்ற இரும்புப் பிடியில் வைத்து நெருக்கித் தள்ளியபோது ரப்பர் பொடிப்பொடியாக உதிர்ந்து வந்தது. அதன் பிறகு புதியதற்குச் சோப்புத் தண்ணீர் தடவி உள்ளே செலுத்தி, இரும்புக் கையை மறுபடி மாட்டி, போல்ட்டைக் கோத்து, நட்டை மருமகன் விரலால் மட்டும் திருகிவிட்டார்.

"இறுக்கிடுங்க மச்சான், இன்னும் எதுக்கு இழுத்துக்கிட்டு?" என்று என் மகன் கேட்டான்.

"சக்கரம் தொங்கறப்ப இறுக்கினா, கீழ இறக்கினதும் ரப்பர் முறுக்கிக்கும் மாப்ளே. அந்த முறுக்கோடவே கிடந்து சீக்கிரம் கிழிஞ்சிடும். வண்டி தன் பாரத்துல நிக்கட்டும், அப்புறம் இறுக்கிக்கலாம்" என்று மருமகன் சொன்னார்.

அதன் பிறகு சக்கரங்களை மாட்டி வண்டியைத் தரையில் இறக்கினார்கள். பார்க்கிறவர்களுக்கு வேலை முடிந்த வண்டி போலத்தான் இருந்தது. நட்டை இறுக்க மருமகன் அடியில் போகப் பார்த்தார், உடம்பு நுழையவில்லை. "தொப்பையைக் கழட்டித் தட்டுல போடுங்க மச்சான், எந்தப் பக்கத்துதுன்னு அப்பா சொல்லுவாரு" என்றான் மகன். மூன்று பேரும் சிரித்தோம். இருவருக்கும் முன்பகை என்று மருமகளின் புகாரில் இருப்பதாகச் சொன்னீர்கள். அப்படி எதுவும் இல்லை.

அதன் பிறகு, சக்கரங்களுக்கு அடியில் கொடுத்து வண்டியை உயர்த்த, அடுத்த தெருத் தச்சரிடம் தடித்த பலகை வாங்கி வருவதாகச் சொல்லி மருமகன் கிளம்பினார். கிளம்பும் முன் கைப்பிடியில் சிவப்புத் துணி சுற்றிய ஸ்பேனரை ஓட்டுநர் இருக்கையில் வைத்துக் கதவைச் சாத்தினார். காருக்குள் நீங்கள் கண்டெடுத்தது அதுதான். அவர் அதை ஒளித்து வைக்கவில்லை. பட்டறையில் பம்ப்பைப் பிரித்தால், யாரும் சுவிட்சைப் போடாமல் இருக்க அந்த ஸ்பேனரைத்தான் சுவிட்சில் கட்டித் தொங்கவிடுவார். போன வருடம் இதே வண்டிக்குப் பிரேக் பார்த்தபோதும் இருக்கையில் வைத்தார். "ஸ்பேனருக்கும் டிக்கெட் எடுக்கணுமா மச்சான்?" என்று என் மகன் கேட்டான். "அது அங்க உக்காந்திருக்கற வரைக்கும் இது வண்டி இல்ல மாப்ளே, வெறும் இரும்பு" என்று அவர் சொன்னார். இருவரும் பேசியது என் எதிரில்தான்.

அதன் பிறகு நான் கிரீஸ் கையைக் கழுவ அடுப்படிக்குள் போனேன். மருமகள் பஸ்ஸில் வந்து இறங்கும் நேரம் அது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது மகன் கார்க் கதவைத் திறந்து நின்றான். இருக்கையைப் பார்த்தான். மருமகன் போன திசையைப் பார்த்தான். அதன் பிறகு ஸ்பேனரை எடுத்துப் பின் இருக்கையில் வீசிவிட்டு உட்கார்ந்து வண்டியைக் கிளப்பினான். நான் டம்ளரால் ஜன்னல் கம்பியைத் தட்டினேன். அவன் காதில் விழுந்ததா என்று என்னால் சொல்ல முடியாது. வண்டி போகும்போது டக் டக் சத்தம் இல்லை.

பஸ் நிறுத்தத்துக்கு முந்திய வளைவில் நட்டு கழன்று, போல்ட் நழுவி, சக்கரம் திரும்பி, மூலையில் நின்ற தையல்காரப் பெண்மணி மேல் வண்டி மோதி அவருக்குக் கால் முறிந்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன். என் மகனுக்குத் தோள் எலும்பு முறிவு.

நேற்று ஆஸ்பத்திரியில் மகனைப் பார்த்தேன். வேலை முடிந்தது என்று மச்சான் சொன்னதாகவே போலீசில் எழுதிக் கொடுத்துவிட்டதாகச் சொன்னான். "அப்பா, ஸ்பேனர் சங்கதி மட்டும் உங்களோட இருக்கட்டும்பா" என்றான். அவன் நகத்தில் இன்னும் கிரீஸ் இருந்தது. பஞ்சைத் தண்ணீரில் நனைத்துத் துடைத்துப் பார்த்தேன், போகவில்லை. வீட்டுக்கு வந்தேன். மகள் சாப்பாடு போட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

மேற்கண்டவற்றை எனக்குப் படித்துக் காட்டினார்கள். அதில் மகன் ஸ்பேனரைப் பின் இருக்கையில் வீசினான் என்று இருந்தது. நான் அப்படிச் சொல்லவில்லை, மாற்றச் சொன்னேன். "வீசினான்னா அவசரத்துல பண்ணிட்டான்னு ஆகும் பெரியவரே. மாத்தினா உங்க பையனுக்குத்தான் பாதகம்" என்று எழுதுகிறவர் சொன்னார். தெரியும் என்றேன். அவன் வீசவில்லை. சுற்றிய துணி கலையாமல் இரண்டு கையாலும் எடுத்து, பின் இருக்கையில், சத்தம் வராமல் வைத்தான்.

அடியில் இப்படித் திருத்தி எழுதியதையும் படிக்கக் கேட்டேன். நான் பார்த்தது இதுவே, கூட்டியதும் இல்லை, குறைத்ததும் இல்லை.

இடது கைப் பெருவிரல் ரேகை.