கார்புரேட்டர் புகாரில் தம்பி மனைவி சொன்னது

என் பெயரும் கதவு எண்ணும் படிவத்தின் தலைப்பில் எழுதியிருப்பது சரி. வயது நாற்பத்து மூன்று. தெருவில் அந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது, ஸ்பேனரக்கா வீடு என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். தண்ணீர் மோட்டார், புல் வெட்டும் மெஷின், பைக் என்று சிறிய என்ஜின்களை ரிப்பேர் செய்வது என் தொழில். வீட்டின் முன் அறையில் இருபது வருடமாகச் செய்து வருகிறேன். என் மீது புகார் கொடுத்திருப்பவர் என் கணவரின் கூடப் பிறந்த அண்ணன். பக்கத்து வீடு, நடுவில் ஒரு மதில்தான். அவரை நான் மாமா என்று கூப்பிடுவது வழக்கம். மரப் பண்ணை ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறார். பண்ணைக்குச் சொந்தமான நாலு சக்கர பைக்கின் கார்புரேட்டரை நான் வேண்டுமென்றே கெடுத்துக் கொடுத்ததால்தான் வண்டி பாய்ந்து தன் கால் உடைந்தது என்று புகாரில் சொல்லியிருக்கிறார். நான் கெடுக்கவில்லை. ஆனால் அவர் கால் உடைந்ததில் எனக்கு வருத்தமும் இல்லை. இதையும் எழுதிக்கொள்ளுங்கள் என்று எழுத்தரிடம் கேட்டேன், எழுதிக்கொண்டார்.

என் கணவர் போன வருடம் வரை பள்ளி வேன் ஓட்டினார். பதினாறு வருடம் வேனில் ஒரு கீறல் விழாமல் ஓட்டியவர். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை பண்ணையில் ஆள் குறைவு என்று மாமா கூப்பிட்டதால் உதவிக்குப் போனார். இதே நாலு சக்கர பைக்கின் பின்னால் மரக் கம்பங்களைக் கட்டி இழுத்து வந்தபோது, ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் வேகம் குறையாமல் வண்டி ஓடிப் பண்ணையின் இரும்பு கேட்டில் மோதியது. இவருக்கு இடது முழங்கால் போயிற்று. அந்த வண்டியை மாதாமாதம் சோதித்துப் பதிவேட்டில் 'நல்ல நிலையில் உள்ளது' என்று கையெழுத்துப் போட வேண்டியவர் மாமா. வண்டியில் குறை என்றால் அவர் வேலைக்கு ஆபத்து. ஆகவே பண்ணை விசாரணையில், தம்பி வாயில் சாராய வாடை வந்தது என்று எழுதிக் கொடுத்தார். அதன் நகல் இந்தப் போலீஸ் நிலையத்திலும் இருக்கிறது. என் கணவர் இருமல் மருந்தைக்கூட மூடியில் அளந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

அதன் பிறகு பள்ளிக்கூடத்தில் வேன் சாவியைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். வேனில் வந்த பிள்ளைகளின் அம்மாக்கள் எதிரே இவரைக் கண்டால் பிள்ளையை அந்தப் பக்கக் கைக்கு மாற்றிப் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். இவர் யாரிடமும் வாதாடவில்லை. என்னிடம் மட்டும், "ஆக்சிலேட்டர் இறங்கலடி, நான் கைய விட்டுட்டேன், அது இறங்கல" என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறார். அதன் பிறகு ஒரு வருடம் நான் மாமாவோடு பேசவில்லை. மதில் மேல் அவர் வீட்டுப் பூனை வந்து உட்கார்ந்தால்கூட விரட்டிவிட்டுத்தான் மறு வேலை. அந்த மனுஷன் எப்போதாவது என் கையில் மாட்டுவார் என்று காத்திருந்தேன். இல்லை என்று சொன்னால் அது பொய் வாக்குமூலம் ஆகிவிடும்.

இந்த மாதம் நாலாம் தேதி வெள்ளிக்கிழமை காலை மாமாவே வண்டியைத் தள்ளிக்கொண்டு என் வாசலுக்கு வந்தார். பெட்ரோல் ஒழுகுகிறது, ஸ்டார்ட் ஆனாலும் உடனே அணைந்துவிடுகிறது, திங்கட்கிழமை பண்ணை முதலாளி வருகிறார் என்றார். வெளி ஒர்க்‌ஷாப்பில் விட வேண்டியதுதானே என்று கேட்டேன். "ஏம்மா, அவன் என்ன பழுதுன்னு எழுதித் தருவான், அது ஆபீசுக்குப் போவும். இது நம்ம வீட்டுக்குள்ளயே முடியட்டுமே" என்றார். ஒரு வருடமாகப் பேசாதவளிடம் வந்து 'நம்ம வீடு' என்கிறாரே என்று எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனாலும் வாங்கிக்கொண்டேன். அந்தக் கார்புரேட்டரின் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க எனக்கு ஒரு வருடமாக ஆசை.

அன்று மதியம் சாப்பிட்டு முடித்ததும் முன் அறையில் பழைய துணியை விரித்து வேலையைத் தொடங்கினேன். பெட்ரோல் குழாயை மூடி, மேல் மூடியைத் திருகி எடுத்து, ஆக்சிலேட்டர் கம்பியோடு தொங்கும் ஸ்லைடை வெளியே இழுத்து வைத்தேன். ஸ்லைடு என்பது கட்டை விரல் பருமனில் உருளையான ஒரு உலோகத் துண்டு. ஆக்சிலேட்டரைத் திருகினால் அது மேலே ஏறும், விட்டால் கீழே இறங்கிக் காற்றை அடைக்கும். அதன் பிறகு கார்புரேட்டரைக் கழற்றி, அடிக் கிண்ணத்தைத் திறந்தேன். அதில் மண்ணும் துருவும் கலந்து கஞ்சி மாதிரி நின்றது. பெட்ரோலை அளந்து விடும் ஜெட்டுகளை, ஊசி ஓட்டை உள்ள சின்னப் பித்தளைத் திருகுகள், கழற்றித் தட்டில் பெட்ரோல் ஊற்றி ஊறப் போட்டேன். ஜெட்டின் ஓட்டைக்குள் கம்பி விட்டுக் குத்துபவர்கள் உண்டு, நான் பிரஷ்ஷில் இருந்து ஒரே ஒரு நாரை எடுத்துத்தான் விடுவேன். சைக்கிள் பம்பால் காற்றடித்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, ஓட்டை வட்டமாகத் தெரிந்த பிறகே கீழே வைப்பேன். ஏர் ஃபில்டர் கிழிந்து கிடந்தது. அந்தக் கிழிசல் வழியாக மணல் உள்ளே போயிருக்கிறது.

அதன் பிறகு ஸ்லைடைக் கையில் எடுத்தேன். அதன் பக்கவாட்டில் நகம் மாட்டும் ஆழத்துக்கு மூன்று கீறல் இருந்தது. மணல் சிக்கி அரைத்த கீறல். என் கை தன் பாட்டுக்கு ஆயிரம் நம்பர் உப்புத்தாளை எடுத்து, எண்ணெய் தொட்டு, அந்தக் கீறலைத் தேய்த்துச் சமப்படுத்தியது. இருபது வருடப் பழக்கம், கீறலைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. துடைத்துவிட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கண்ணாடி மாதிரி இருந்தது. அப்போதுதான் புத்தி வந்தது. ஆக்சிலேட்டர் இறங்காமல் மாட்டிக்கொண்டது என்பதற்கு உலகத்திலேயே இருந்த ஒரே சாட்சி அந்த மூன்று கீறல்தான். அதை நானே என் கையால் அழித்துவிட்டேன். ஒரு போட்டோகூட எடுக்கவில்லை. தலையில் அடித்துக்கொண்டு அழுதேன். சத்தம் கேட்டு இவர் நொண்டிக்கொண்டே வந்து, கை கிழிந்துவிட்டதா என்று என் விரலைப் பிடித்துப் பார்த்தார். விஷயத்தைச் சொன்னேன். "இருந்துச்சா? அப்ப இருந்துச்சுல்ல?" என்று மட்டும் கேட்டார்.

அதன் பிறகு எனக்கு வந்த யோசனையையும் மறைக்கவில்லை. ஸ்லைடின் அடியில் ஒரு பக்கம் மட்டும் சாய்வாக வெட்டியிருக்கும். அந்த வெட்டு ஏர் ஃபில்டர் பக்கம் பார்க்க வேண்டும். என்ஜின் பக்கம் திருப்பிப் போட்டால் ஸ்லைடு முழுதாக இறங்காது, ஸ்டார்ட் ஆன நொடியே என்ஜின் முழு வேகத்தில் அலறும். நான் அதைத் திருப்பிப் போட்டேன். மூடியையும் திருகினேன். ஐந்து நிமிடம் அப்படியே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஆனால் என் வீட்டில் எந்த வண்டி ரிப்பேர் ஆனாலும் முதலில் ஓட்டிப் பார்ப்பது என் கணவர்தான். அதனால் மறுபடி கழற்றிச் சரியாகப் போட்டேன். மூடியிலும் அதன் கீழ் உடம்பிலும் சேர்ந்தாற்போல் சிவப்பு நெயில் பாலிஷால் ஒரு கோடு இழுத்தேன். முடிந்த வேலை எல்லாவற்றிலும் போடுவது. பிறகு யாராவது திறந்தால் கோடு விலகிக் காட்டிக் கொடுத்துவிடும். அதன் பிறகு இவர் தெருக்கோடி வரை ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். விபத்துக்குப் பிறகு அந்த வண்டியில் ஏறியது அன்றுதான். இஸ்திரிக்கடைக்காரர் பார்த்திருக்கிறார், விசாரித்துக்கொள்ளலாம். வண்டி சொன்னபடி கேட்டது.

சனிக்கிழமை சாயங்காலம் மாமா வந்து வண்டியை எடுத்துக்கொண்டபோது, "உள்ள என்ன இருந்துச்சுன்னு பாத்துட்டேன் மாமா" என்று சொன்னேன். அவரை ஒரு ராத்திரியாவது தூங்க விடக் கூடாது என்றுதான் சொன்னேன். அவர் முகம் சுண்டிப் போயிற்று.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணி இருக்கும், நான் மொட்டை மாடியில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தேன். அங்கிருந்து மாமாவின் முற்றம் கைக்கு எட்டுகிற தூரம் மாதிரி தெரியும். மாமா வண்டியின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, கார்புரேட்டர் மூடியைத் திறந்து ஸ்லைடை வெளியே இழுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கீறல் இருக்கிறதா என்று தேடியிருக்க வேண்டும். தடவிப் பார்த்துவிட்டுச் சிரித்தார். பனியனில் துடைத்துத் திரும்ப உள்ளே விட்டார். வெட்டு என்ஜின் பக்கம் பார்த்தபடி விட்டார். அது இறங்க மாட்டேன் என்றது, கட்டை விரலால் அழுத்தி மூடியைத் திருகினார். நான் பார்த்தேன். என் வாயில் துணி கிளிப் இருந்தது. அதை எடுத்துவிட்டு 'மாமா, திருப்பிப் போட்டுட்டீங்க' என்று சொல்ல எனக்கு நேரம் இருந்தது. நான் இவருடைய சட்டைகள் இரண்டைக் காயப் போட்டேன்.

அவர் முற்றம் சரிவானது. வண்டி உருளாமல் இருக்க எப்போதும் கியரில் போட்டுத்தான் நிறுத்துவார். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் கியரில் இருந்தாலும் ஸ்டார்ட் ஆகிற வண்டி அது. ஏறி உட்கார்ந்து பட்டனை அழுத்தினார். வண்டி அலறிக்கொண்டு பாய்ந்து, தகரக் கொட்டகையைக் கிழித்து, தண்ணீர்த் தொட்டியின் தூணில் மோதியது. அவர் முன்பக்கம் விழுந்து தூணுக்கும் வண்டிக்கும் நடுவில் கிடந்தார். நான் இறங்கிப் போய் முதலில் சாவியைத் திருப்பி என்ஜினை நிறுத்தினேன், அதன் பிறகு ஆம்புலன்சுக்குப் போன் செய்தேன். என் கணவர் அந்தக் காலை வைத்துக்கொண்டு மதில் ஏறிக் குதித்து, "அண்ணே, அண்ணே" என்று அழுதுகொண்டே வண்டியைத் தூக்கினார். ஆம்புலன்சில் கூடப் போனதும் அவர்தான். கையெழுத்துப் போட்டு ஆபரேஷனுக்கு ஒப்புதல் கொடுத்ததும் அவர்தான். அந்த ஆபரேஷன் முடிந்து கண் விழித்ததும் மாமா செய்த முதல் காரியம் என் மேல் புகார் கொடுத்தது.

நேற்று என்னை நிலையத்துக்கு அழைத்துப் புகாரை எஸ்.ஐ. ஐயா படித்துக் காட்டினார்கள். அதில் மாமா சொல்லியிருப்பதாவது: "இந்த வண்டியில் ஆக்சிலேட்டர் விட்டாலும் இறங்காத குறை முன்பே உண்டு. போன வருடம் என் தம்பி விழுந்ததும் அதனால்தான். அந்த வஞ்சத்தை மனதில் வைத்து அவன் மனைவி அதே குறையை மறுபடி உண்டாக்கிப் பழி தீர்த்துவிட்டாள்." இதைக் கேட்டதும் ஐயாவிடம் அந்த இரண்டு வரியை மட்டும் மறுபடி படிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவையும் கேட்டேன். என்னை மாட்டிவிடும் வேகத்தில் மாமா தன் வாயாலேயே சொல்லி, தன் கையாலேயே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறார். நான் உப்புத்தாளால் தேய்த்து அழித்தது அந்தத் தாளில் இருக்கிறது.

மாமாவுக்கும் இது உறைத்திருக்க வேண்டும். இன்று காலை மாமாவின் மனைவி, என் ஓரகத்தி, ஒரு கடிதத்தோடு நிலையத்துக்கு வந்தார். புகாரை வாபஸ் வாங்கிக்கொள்வதாகக் கடிதம். "நமக்குள்ள எதுக்குடி கேசு? அவரும் விட்டுடுறாரு, நீயும் விட்டுடு" என்று என் கையைப் பிடித்தார். அக்காவின் மேல் எனக்குக் கோபம் கிடையாது, ஆனாலும் கையை விடுவித்துக்கொண்டேன். என் கணவரும் வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருக்கிறார். அவரும் விட்டுவிடச் சொல்கிறார். அவர் நல்லவர், ஒரு வருடமாக அந்த நல்ல குணத்தோடு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். எஸ்.ஐ. ஐயாவும், சிவப்புக் கோடு அரைச் சுற்று விலகியிருப்பதைத் தாமே பார்த்ததாகவும், புகார்தாரரே திறந்து தவறாக மாட்டியது தெளிவு என்றும், என் மேல் குற்றம் இல்லை என்று எழுதி இன்றே முடித்துவிடலாம் என்றும் சொன்னார்கள்.

முடிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். முடித்தால் அந்தப் புகார்த் தாள் அலமாரிக்குப் போய்விடும். அவர் திருப்பிப் போட்டதை நான் பார்த்தேன், என்ன ஆகும் என்று தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. இது என்ன குற்றம், எந்தப் பிரிவு என்று எனக்குத் தெரியாது. எதுவானாலும் போடுங்கள், கோர்ட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். என்னைக் கூண்டில் ஏற்றினால் அவர் புகாரைச் சபையில் படித்தே ஆக வேண்டும். போன வருடம் எழுதிக் கொடுத்ததையும் பக்கத்தில் வைத்துப் படிக்கச் சொல்வேன். இரண்டில் எது பொய் என்று மாமா எல்லோருக்கும் முன்னால் நின்று, காலில் கட்டோடு நின்று, சொல்லட்டும். அதற்கு என்ன தண்டனை என் தலையில் விழுந்தாலும் சம்மதம்.

நான் சொல்லச் சொல்ல எழுதியது இரண்டு முறை எனக்குப் படித்துக் காட்டப்பட்டது. முதல் முறை, மொட்டை மாடியில் நான் நின்றதும் பார்த்ததும் இதில் இல்லை. எழுத்தர் நல்ல மனதோடுதான் விட்டிருந்தார், "ஏம்மா வலியப் போய் மாட்டிக்கிற" என்றும் கேட்டார். அதை எழுதாமல் கையெழுத்துப் போட மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டேன். இப்போது அந்தப் பகுதி சேர்க்கப்பட்டிருக்கிறது. சேர்த்த இடத்தின் ஓரத்தில் தனியாக ஒரு கையெழுத்தும், கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன். யாரும் என்னை மிரட்டவில்லை. எல்லாம் நடந்தது நடந்தபடி.

(ஒப்பம்)
புகாரில் குற்றம் சாட்டப்பட்டவர்

என் முன்பாக
உதவி ஆய்வாளர்