அக்கா கேட்கும் ஒரே ஒரு கேள்வி

புத்தகத்தின் கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டிப் பார்க்கிறவர்களை எனக்குக் கண்டாலே ஆகாது. ஆசை ஆசையாக வாங்கிவந்து, அட்டையைத் தடவி, மோந்து பார்த்து, அப்புறம் நேராகக் கொலைகாரன் யாரென்று பார்ப்பதாம். அதற்குப் பேசாமல் செய்தித்தாள் படித்துவிட்டுப் போகலாம். நீங்களும் அந்த ரகம்போல இருக்கிறது, சார். வந்து உட்கார்ந்ததும் அன்றைக்குக் கேஸ் வாசனை வந்ததா இல்லையா என்று கேட்கிறீர்கள். அது கடைசிப் பக்கம். நான் முதலிலிருந்து சொல்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை, அக்கா போய்ச் சேர்ந்துவிட்டாள், நானும் எங்கேயும் ஓடப்போவதில்லை. அந்த நாற்காலி மட்டும் வேண்டாம், இதில் உட்காருங்கள். அது அவளுடையது.

இந்த வீட்டில் நானும் அக்காவும் மட்டும்தான். அம்மா போன பிறகு என்னைத் தூக்கி வளர்த்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தாள். நான் சலவைக் கடையில் கவுண்டரில் உட்கார்ந்து துணி வாங்கிப் போடுகிறேன். இரண்டு பேருக்கும் கல்யாணம் கூடிவரவில்லை, அதற்காக நாங்கள் மூக்கைச் சிந்திக்கொண்டும் இருக்கவில்லை. எங்களுக்குப் புத்தகம் இருந்தது. அதிலும் கொலை விழுகிற புத்தகம்தான். பாருங்கள், மூன்று சுவரிலும் அதுதான். பழைய புத்தகக் கடைக்காரர் எங்களைப் பார்த்ததுமே, "வாங்க, புதுசா ரெண்டு பொணம் வந்திருக்கு" என்பார். மழையில் நனைந்து உப்பின புத்தகத்தைக் கடையிலிருக்கும் இஸ்திரிப் பெட்டியால் பக்கம் பக்கமாகத் தேய்த்து எடுத்துவருவேன். முன்னால் படித்த புண்ணியவான் எவனாவது நடுப்பக்கத்தில் 'இவன்தான்' என்று பென்சிலால் எழுதி வைத்திருந்தால் அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்காது.

இத்தனை படித்தும், சொல்ல வெட்கமாக இருக்கிறது, நான் ஒருமுறைகூடக் கொலைகாரனைக் கண்டுபிடித்தது கிடையாது. நான் சந்தேகப்பட்ட ஆள் அடுத்த அத்தியாயத்தில் பிணமாகக் கிடப்பான். அக்காவோ பாதிப் புத்தகத்திலேயே சொல்லிவிடுவாள். புத்தகம் என்றில்லை. ஒருநாள் கடைக்கு ஒரு கோட்டு வந்தது. இடது கை மட்டும் முழங்கைவரை சுண்ணாம்பு. கட்டட வேலைக்காரர் போல என்று வீட்டில் வந்து சொன்னேன். "கட்டட வேலைக்கு எவன்டி கோட்டுப் போட்டுட்டுப் போவான்? இடது கையால எழுதுற வாத்தியார். போர்டுல எழுதினதைக் கையாலயே அழிக்கிறவர்" என்றாள். அடுத்த வாரம் கோட்டை வாங்க வந்தவர் இடது கையால்தான் கையெழுத்துப் போட்டார். அவரை அடிக்கலாம் போல இருந்தது எனக்கு.

கண்டுபிடிப்பதற்கு அக்காவிடம் ஒரு முறை இருந்தது. பாதிப் புத்தகம் நெருங்கும்போது இரண்டு கையையும் தூக்கி, முடியை அள்ளி முறுக்கிக் கொண்டை போடுவாள். வளையல்கள் முழங்கைக்குச் சரியும் சத்தம் கேட்கும். "குட்டி, ஒரே ஒரு கேள்வி" என்பாள். நாய் எங்கே கட்டியிருந்தது, விளக்கை யார் அணைத்தது என்று ஏதாவது ஒன்று. பதில் தெரியாமல் கேட்கமாட்டாள். எல்லாம் தெரிந்த பிறகுதான் கேட்பாள். அந்தப் பதில் என் வாயிலிருந்து வர வேண்டும், அவ்வளவுதான். பிறகு பெயரைச் சொல்வாள். தோற்றவர் டீ போட வேண்டும் என்று பந்தயம். நான் போட்ட டீயை ஒரு வாய் குடித்துவிட்டு, "தோத்தவ கையால குடிக்கிற டீக்கு ருசியே தனி" என்று சிரிப்பாள். சின்ன வயதில் நானும் கூடச் சிரித்தேன். அப்புறம் அப்புறம் சிரிப்பு வரவில்லை.

சர்க்கரை அவள் கண்ணில் போய் உட்கார்ந்தது. முதலில் எழுத்து கலங்கியது, பிறகு பக்கமே தெரியாமல் போனது. நான் அழுதேன், அவள் அழவில்லை. "கண்ணுதானே போச்சு, நீ இருக்கியே" என்றாள். கடை முடிந்து வந்ததும் முகம் கழுவிவிட்டு நான் சத்தமாகப் படிப்பேன், அவள் கேட்பாள். வீட்டு வேலையெல்லாம் தடவித் தடவிப் பழகிக்கொண்டாள், டீ உட்பட. இனி ஒரு புத்தகத்திலாவது திணறுவாள் என்று எனக்குள்ளே ஒரு நப்பாசை இருந்ததை மறைக்கவில்லை. ஆனால் காதால் கேட்டபோது இன்னும் சீக்கிரமாகச் சொன்னாள். பாதிகூட ஆக வேண்டியிருக்கவில்லை.

அன்றைய புத்தகத்தில் ஒரு பணக்காரர் குளியலறையில் செத்துக் கிடந்தார். அக்கா கொண்டை போட்டு, கேள்வி கேட்டு, "வக்கீல்தான்" என்றாள். கடைசி அத்தியாயத்தில் வக்கீல்தான் என்று அச்சாகியும் இருந்தது. நான் 'மருமகன்' என்று படித்தேன். யோசித்துச் செய்ததல்ல, சார். வாய் தானாக அப்படிச் சொன்னது. அதற்கப்புறம் நிறுத்த முடியாதே, மருமகன் எப்படிச் செய்தான், ஏன் செய்தான் என்று நானாகவே கடைசிவரை சொல்லிக்கொண்டு போனேன். அக்கா கொண்டையை அவிழ்த்துவிட்டாள். "அப்படியா? நான் எங்கயோ கோட்டை விட்டுட்டேன்" என்றாள். எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்தாள். அவள் சொன்னது உண்மைதான், ருசி தனியாகத்தான் இருந்தது.

பிறகு அது பழகிவிட்டது. சுலபமான வேலை என்று நினைக்காதீர்கள். கடையில் தொங்கும் கோட்டுகளுக்குப் பின்னால் நின்றுகொண்டு முன்கூட்டியே முழுப் புத்தகத்தையும் படித்துவிட வேண்டும். எந்த இடத்தில் எதை மாற்றினால் யார் மேல் பழி விழும் என்று கணக்குப் போட வேண்டும். கடைசிப் பக்கத்தை முதலில் பார்க்கக் கூடாது என்கிற என் கொள்கையை அக்காவுக்காகத்தான் விட்டேன். சில நாள் அவள் மறித்துக் கேட்பாள். "ஜன்னல் பூட்டியிருந்துச்சுன்னு நேத்து படிச்சியே?"

"தெறந்திருந்துச்சுன்னுதான் இருக்கு, அக்கா. வேணும்னா மறுபடி படிக்கவா?"

மறுபடி படிப்பேன். திறந்திருக்கும். அவள் விரலால் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருப்பாள். "சரி. எனக்குத்தான் காது குழம்புது" என்பாள்.

கொஞ்ச நாளில் மற்ற விஷயங்களையும் கேட்க ஆரம்பித்தாள். மாத்திரை போட்டேனா, அடுப்பை அணைத்தேனா, இன்னைக்கு என்ன கிழமை. முன்பெல்லாம் சட்டைப் பட்டன்வரை கணக்கு வைத்திருப்பவள். நான் பொறுமையாகச் சொல்வேன். ஒருமுறைகூட எரிந்து விழுந்ததில்லை, அக்கம்பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். ராத்திரி அவள் தூக்கத்தில் பதினாறாம் வாய்ப்பாடு சொல்லிக்கொண்டிருப்பது கேட்கும். தப்பில்லாமல்தான் சொல்வாள். காலையில் எழுந்ததும், "சரியாச் சொன்னேனாடி?" என்று கேட்பாள். நடுவில் ஒன்று விட்டுப்போச்சு என்பேன். அவள் முகம் அப்போது எப்படி ஆகும் என்பதை நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

அவளோடு வேலை பார்த்த டிராயிங் டீச்சர் மாதம் ஒருமுறை பார்க்க வருவார். அவரும் எங்களைப் போலத்தான், கொலை இல்லாவிட்டால் தூக்கம் வராது. ஒருநாள் பேச்சுவாக்கில், "அந்தக் குளியலறைக் கதை படிச்சீங்களா? வக்கீல்தான்னு எனக்கு ஆரம்பத்துலயே தோணுச்சு" என்றார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். "வக்கீலா? நல்லா ஞாபகம் இருக்கா உனக்கு?" நான் பேச்சை மாற்றி, அவரை வாசல்வரை கூட்டிப்போனேன். அக்காவுக்கு ஞாபகம் தப்புகிறது, கதையெல்லாம் குழம்பிவிடுகிறது, அதில் மருமகன்தான் கொலைகாரன் என்று நம்பிக்கொண்டிருக்கிறாள், எதிர்த்துச் சொன்னால் ரொம்ப உடைந்துபோகிறாள் என்று சொன்னேன். டீச்சர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "ஒத்தையா எப்படிம்மா சமாளிக்கிறே?" என்றார். அந்த ஆறுதல் எனக்கும் வேண்டித்தான் இருந்தது.

அடுத்த முறை வந்ததும் வராததுமாக, அக்கா கேட்காமலேயே, "நான்தான் தப்பாச் சொல்லிட்டேன், அது மருமகன்தான். நீ நினைச்சதுதான் சரி" என்றார் டீச்சர். குழந்தையோடு பேசுகிற குரலில். பாவம், பொய் சொல்ல வராது அவருக்கு. அக்கா, "அப்படியா, நல்லது" என்றாள். அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதன் பிறகு அவள் எந்தப் புத்தகத்திலும் கொண்டை போடவில்லை, கேள்வி கேட்கவில்லை. பாதியில் நான் நிறுத்திப் பார்ப்பேன். "நீ படி, குட்டி. நீ யாரைச் சொன்னாலும் சரி" என்பாள். ஜெயித்துக்கொண்டே இருந்தேன், ஆனால் முன்போல இனிக்கவில்லை. எதிரில் ஆளே இல்லாமல் ஆடுகிற ஆட்டம் மாதிரி ஆகிவிட்டது. பந்தயம் இல்லாமலேயே டீயை அவளே போட்டாள்.

இனி நீங்கள் கேட்டதற்கு வருகிறேன். அன்று கடை விடுமுறை. மாலையில் புத்தகம் முடிகிற இடத்தில் இருந்தோம். இன்னும் கொஞ்சம் பக்கம்தான். அக்கா எழுந்து டீ போடப் போனாள். சமையலறை வாசலிலேயே நின்றுவிட்டாள். நான் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"குட்டி, கேஸ் வாசனை வருதா உனக்கு?"

வந்தது, சார். அவள் எழுந்து போவதற்கு முன்பே எனக்கு வந்தது. டியூப் பழையது, மாற்ற வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். நான் எதையும் தொடவில்லை, பிடுங்கவில்லை, அந்தப் பாவமெல்லாம் எனக்கு வேண்டாம். அவள் கேட்டாள். வருது என்று நான் சொல்லியிருந்தால் அக்கா சொன்னது சரியென்று ஆகிவிடும். அதற்கப்புறம் ஜன்னலும் சரியாகிவிடும், வாய்ப்பாடும் சரியாகிவிடும், வக்கீலும் சரியாகிவிடுவான். இத்தனை நாள் பட்ட பாடு என்ன ஆவது? ஒரு நிமிடம் என்னுடைய இடத்தில் இருந்து யோசித்துப் பாருங்கள்.

"இல்லையே, அக்கா. எனக்கு ஒண்ணும் வரலையே" என்றேன்.

"நிஜமாவா?"

"நிஜமா."

பிறகு, "டீக்குப் பால் இல்ல. போய் வாங்கிட்டு வா" என்றாள். காலையில் நான்தான் பால் வாங்கி வைத்தேன், அதை அவள் கையில்தான் கொடுத்தேன். அவளே ஃபிரிட்ஜில் வைத்தாள். இவ்வளவு மறதி உள்ளவளை என்ன செய்ய முடியும், சொல்லுங்கள். நான் செருப்பை மாட்டிக்கொண்டேன். "கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள். சாத்திக்கொண்டு போனேன். "மெதுவாவே வா, ஒண்ணும் அவசரமில்ல" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள்.

கடைக்காரர் சில்லறை எண்ணிக்கொண்டிருக்கும்போது சத்தம் கேட்டது. தெருவே ஓடியது. நான் பால் பாக்கெட்டை மார்போடு பிடித்துக்கொண்டு கடைசியாகப் போய்ச் சேர்ந்தேன். சமையலறை முழுக்கப் போயிருந்தது, இந்த அறையில் கரியும் தண்ணீரும்தான். யாரோ என்னைப் பிடித்து உட்கார வைத்தார்கள், தண்ணீர் கொடுத்தார்கள். நல்லவேளை நீ வெளியில போயிருந்தே என்று ஆளுக்கு ஆள் சொன்னார்கள். டீச்சர் வந்து, ஞாபகமில்லாதவளை அடுப்பிடம் விடலாமா என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, உடனே என்னைக் கட்டிக்கொண்டு மன்னிப்பும் கேட்டார். விபத்து என்று உங்கள் ஸ்டேஷனில் எழுதி முடித்துவிட்டார்கள். நீங்கள் மட்டும்தான் திரும்ப வந்திருக்கிறீர்கள்.

இப்போதும் சாயங்காலம் சத்தமாகத்தான் படிக்கிறேன், மனசுக்குள் படித்துப் பழக்கம் விட்டுப்போயிற்று. உள்ளதை உள்ளபடி, ஒரு எழுத்து மாற்றாமல். பாதிப் புத்தகம் வரும்போது அந்த நாற்காலிப் பக்கம் வளையல் சரிகிற சத்தம் கேட்கிறது. உடனே மூடிவிடுகிறேன். இதோ அடுக்கியிருக்கிறேன் பாருங்கள், எல்லாம் பாதியில் நிற்பவை. யார் கொலைகாரன் என்று எதிலும் எனக்குத் தெரியாது. எனக்குப் பயமாக இருக்கிறது, சார், அதுதான் உண்மை. புத்தகத்துக்குப் பயந்து வாழ்வேன் என்று நான் நினைத்ததே இல்லை.

நான் பொய் சொல்கிறேன் என்று அக்காவுக்குத் தெரிந்திருக்குமா என்று நீங்கள் கேட்க நினைப்பது முகத்திலேயே தெரிகிறது. தெரியாது. அந்த ஒரு தடவை அவளால் கண்டுபிடிக்க முடியவில்லை. தெரிந்திருந்தால் லைட்டரைத் தட்டுவாளா? வாசனை வருதா என்று அவள் கேட்பதற்கு முன்னால் வளையல் சத்தம் கேட்டது, அது வாஸ்தவம்தான். அன்றைக்கு ஒரே புழுக்கம், அதனால்தான் முடியைத் தூக்கிக் கொண்டை போட்டிருப்பாள்.