விட்டுப்போன ஒன்பது

நன்னிலம் பேருந்தில் எனக்கு முன் இருக்கையில் ஒரு அண்ணனும் தங்கையும். அவள் ஏதோ கல்லூரியில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிறவள் என்று பேச்சிலேயே தெரிந்தது. அவர் மடியில் திரும்பி வந்த ஒரு மனு.

"நடுவுல ஒண்ணு இல்லன்னா அடுத்தது ஒட்டாதுண்ணே."

"எது?"

"கெர்னல்ணே. கம்ப்யூட்டர்ல எல்லாத்துக்கும் அடியில ஓடற புரோகிராம். எங்க லேப்ல இருக்கறது பழசு. அதுல மாறுன வரிகளை மட்டும் நம்பர் போட்டு பேட்ச் பேட்சா விடுவாங்க. வரிசையாப் போட்டுத்தான் புதுசாக்கணும். எட்டுக்கப்புறம் பத்தைப் போட்டேன், ஏத்துக்கவே இல்ல."

"இங்கயும் அதான். குத்தகைப் பதிவுல தாத்தா பேரு இருக்கு. நடுவுல அப்பா பேரு இல்லாம எம் பேரை ஏத்த முடியாதுன்னுட்டாங்க."

"அப்பா உசுரோட இருந்தப்பவே ஏன் பதியல?"

"பதிஞ்சா நெலத்துக்காரர் மனசு சங்கடப்படும்னாரு. அந்த நெலத்துக்காரர் மவன் இப்ப வயல்ல காலை வைக்காதங்கறான்."

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். வெளியே நட்டு நாலு நாளான வயல்கள்.

"சரி, ஒன்னோட ஒம்பது என்னாச்சு?"

"நெட்டுல தேடி எறக்கிட்டேன். ஒட்டிக்கிச்சு."

அவர் மனுவை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

"அப்பாவை எங்க போயித் தேடி எறக்கறது?"