ஒரு ஆள் ஏறணும்

இரவு பதினொன்று இருக்கும். ஒற்றைத் தண்டவாளம். இரண்டு பக்கமும் ஊர் இல்லை, விளக்கு இல்லை, நாய் குரைக்கிற சத்தம்கூட இல்லை. அந்த இருட்டில் ஒரே ஒரு வண்டி போய்க்கொண்டிருக்கிறது...

ஜன்னலைச் சாத்திவிட்டுக் கிட்டே வந்து உட்காருங்கள். இது உரக்கச் சொல்கிற கதை இல்லை.

நம் கணக்குப் பிரிவில் ஒருவன் இருக்கிறானே, நெட்டை என்று கூப்பிடுவோமே, அவனுடைய மாமனாருக்கு நடந்தது. நெட்டை இந்த மாதிரி விஷயங்களை நம்புகிற ஆள் இல்லை என்று உங்களுக்கே தெரியும். அவன் இதை என்னிடம் சொல்லும்போது நடுவில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தான்.

அந்த மாமனார் கூட்ஸ் வண்டி டிரைவர். நெட்டை அவரை மாமா என்பான், மாமியாரை அத்தை என்பான். நானும் அப்படியே சொல்கிறேன். மாமா ஆயுள் முழுக்க நிலக்கரியும் சிமெண்டும் இரும்பும் இழுத்தவர். உட்கார ஒரு தகர நாற்காலி, முன்னால் ஒரு கண்ணாடி, பாதத்தில் ஓயாத அதிர்வு. ரயில் என்றால் அவருக்கு அதுதான். ஓய்வு பெற்றதும் மகள்கள் இரண்டு பேரும் நெட்டையும் சேர்ந்து ஒரு சொகுசு ரயிலில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள். இரண்டு இரவுப் பயணம்.

"இத்தன வருஷம் சிமெண்ட் மூட்டையக் கூட்டிட்டுப் போனீங்க. ஒரு தடவ அம்மாவக் கூட்டிட்டுப் போங்கப்பா" என்றாள் பெரியவள்.

மாமா சிரித்தார். பிறகு வண்டி எந்த வழியாகப் போகிறது என்று பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது.

"என்னப்பா, பிடிக்கலையா?"

"சே சே... ரொம்ப நல்லா இருக்கும்மா."

வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பார்கள். அதைச் சொல்ல அவரால் முடியாது. அதனால் கிளம்பினார்.

அந்த மாதிரி ரயிலில் என்னவெல்லாம் இருக்கும் என்று நமக்கு எங்கே தெரியப்போகிறது? அத்தை வந்து சொன்னதைத்தான் சொல்கிறேன். பெட்டிக்கு ஒரு பணியாள். கையில் வெள்ளை உறை போட்டுக்கொண்டு, நடைமேடையிலேயே நின்று பெயர் சொல்லி வரவேற்றாராம். மர வேலைப்பாடு செய்த அறை, பித்தளை விளக்கு, வெந்நீர் கொட்டுகிற குளியலறை. சாயங்காலம் சாப்பிடப் போகும்போது சோபாவாக இருந்தது, திரும்பி வந்தால் மெத்தையாகிக் கிடக்கும். செருப்பை வாசலில் விட்டால் காலையில் பளபளவென்று இருக்கும். சாப்பிடக் கோட்டுப் போட்டுக்கொண்டுதான் போக வேண்டும். மருமகனுடைய கோட்டு மாமாவுக்கு முழங்கால்வரை தொங்கியது. ஒரு தட்டுக்கு எத்தனை கரண்டி! "இதுல எது நம்மளுது?" என்று அத்தை காதில் கேட்க, மாமா, "பக்கத்து மேஜையப் பாத்து ஓட்டு" என்றார். அன்றைக்கு இருவரும் வாய்விட்டுச் சிரித்தது அத்தோடு சரி.

படுத்த பிறகு மாமாவுக்குத் தூக்கம் வரவில்லை. "பிரேக்க இப்படியா போடுவான்... சிக்னல இப்பத்தான் பாத்தானா..." என்று முணுமுணுத்துக்கொண்டே இருந்தார்.

"ஏங்க, நீங்க இப்ப பயணி. வண்டிய அவன் ஓட்டட்டும், நீங்க கண்ண மூடுங்க."

அத்தை தூங்கிப்போனார். மாமா எழுந்து கடைசிப் பெட்டிக்குப் போனார்.

அந்தப் பெட்டி முழுக்கக் கண்ணாடி. பிரம்பு நாற்காலிகள். பியானோ வாசிக்கிறவர் அதை மூடிவிட்டுப் போய்விட்டார். யாரும் இல்லை. கோடியில் ஒரு கதவு. திறந்தால் வெளியே கம்பி அடைத்த சின்ன மாடம், மடக்கி வைத்த இரும்புப் படி. மாமா அங்கே போய் நின்றார்.

வாழ்க்கையில் முதல்முறையாக, வண்டி தாண்டி வந்த தண்டவாளத்தைப் பார்த்தார். டிரைவர் எப்போதும் வரப்போவதைப் பார்க்கிறவர். கடந்துபோன இடம் அப்புறம் என்ன ஆகிறது என்று அவருக்குத் தெரியாது. வண்டியின் சிவப்பு விளக்கில் இரண்டு கம்பியும் காலடியிலிருந்து உருவிக்கொண்டு போய் இருட்டில் ஒன்றாகச் சேர்ந்தன. டடக்... டடக்... டடக்...

வளைவு வரப்போகிறது என்று அவருக்குத் தெரியும். அதற்காகத்தான் அங்கே வந்து நின்றார்.

பல வருஷத்துக்கு முன்னால், அதே வளைவு. இருட்டத் தொடங்கிய நேரம். சிமெண்ட் ஏற்றிய வண்டி. வளைவு திரும்பியதும், விளக்கு வெளிச்சத்தில், தண்டவாளத்தின் நடுவில் ஒரு பெண். அவருக்குத் தெரிந்தது முகமும் ஒரு கையும்தான். அவள் ஓடவில்லை. அந்தக் கையைத் தூக்கிக் காட்டினாள்... பஸ்ஸை நிறுத்தக் கை காட்டுவோமே, அப்படி. மாமா ஹாரனை அழுத்தினார். பிரேக்கை முழுக்கப் போட்டார். அவ்வளவு பாரம் ஏற்றின வண்டி நினைத்த இடத்தில் நிற்குமா? வண்டி நின்றபோது அந்த இடம் வெகுதூரம் பின்னால் போயிருந்தது.

டிரைவர் என்ஜினை விட்டுப் போகக் கூடாது. உதவி டிரைவர்தான் டார்ச் எடுத்துக்கொண்டு பின்னால் நடந்து போனார். திரும்பி வந்தவர், "ஒரு பொம்பளண்ணே" என்றார். மேலே அவர் சொல்லவில்லை. இவரும் கேட்கவில்லை. விசாரணையில் டிரைவர்மேல் தவறு இல்லை என்றார்கள். எழுதியதைப் படிக்காமலே மாமா கையெழுத்துப் போட்டார். வேறு பாதைக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டார். வீட்டில், "ஒரு ஆள் அடிபட்டுட்டாங்க" என்பதோடு நிறுத்திக்கொண்டார். அந்தக் கையைப் பற்றி மட்டும் யாரிடமும் சொல்லவில்லை. சாக வந்தவள் எதற்குக் கை காட்ட வேண்டும்? நிறுத்தச் சொன்னாளா? எங்கேயாவது போக வேண்டியிருந்ததா? எத்தனையோ ராத்திரி அதை நினைத்துக்கொண்டே கூரையைப் பார்த்துப் படுத்திருக்கிறார்.

இப்போது வண்டி அந்த வளைவில் திரும்பியது. சக்கரம் கம்பியில் உரசி, கீ... என்று ஒரு சத்தம்.

முதலில் வாடை வந்தது. பிரேக் கட்டை கருகும் வாடை. வண்டி பிரேக்கே போடவில்லை. அந்த வாடை மட்டும் வந்தது.

அப்புறம்... சப்... சப்... சப்...

ரப்பர் செருப்பு ஜல்லியில் பதிகிற சத்தம். வண்டி போகிற வேகத்தில் பக்கத்தில் நின்று பேசினாலே காதில் விழாது. அது விழுந்தது.

சிவப்பு வெளிச்சம் முடிகிற இடத்தில் ஒருத்தி நடந்து வந்துகொண்டிருந்தாள். ஓடவில்லை. வேலை முடிந்து வீட்டுக்குப் போகிறவள் மாதிரி, களைத்துப்போன நடை. வண்டி பறக்கிறது. அவள் நடக்கிறாள். இடைவெளி மட்டும் அதிகமாகவே இல்லை.

பிறகு அவள் கையைத் தூக்கினாள்.

நானோ நீங்களோ என்றால் அலறி அடித்துக்கொண்டு உள்ளே ஓடியிருப்போம். மாமாவும் உள்ளேதான் போனார். ஓடி ஒளிவதற்கு இல்லை. சங்கிலி இழுக்கிறவன் கையை முறிக்க வேண்டும் என்று வாழ்நாள் முழுக்கத் திட்டின மனிதர், இரண்டு கையாலும் பிடித்து அபாயச் சங்கிலியை இழுத்தார்.

வண்டி முனகிக்கொண்டு நின்றது. கண்ணாடிக் கோப்பைகள் விழுந்து உடைந்தன. மாமா மாடத்துக்கு ஓடிப்போய்க் கம்பிக் கதவைத் திறந்தார். இரும்புப் படியை இறக்கினார். மண்டிபோட்டு உட்கார்ந்து, இருட்டுக்குள் கையை நீட்டினார்.

"வாம்மா... அவசரம் இல்ல. வண்டி நிக்குது. மெதுவா ஏறு."

பணியாளர்கள் ஓடிவந்தபோது அவர் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார். வெள்ளைக் கையுறைக்காரர் அவசரத்தில் அத்தையையும் எழுப்பிவிட்டார். சால்வையைச் சுற்றிக்கொண்டு அத்தை வந்து சேர்ந்தார்.

"யார் சார் சங்கிலிய இழுத்தது?" என்று வண்டியின் மேலாளர் கேட்டார்.

"நான்தான்."

"எதுக்கு சார்?"

"ஒரு ஆள் ஏறணும்."

டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஜல்லி. தண்டவாளம். அதற்கப்பால் இருட்டு. யாரும் இல்லை. மேலாளர் அத்தையைப் பார்த்தார். அத்தை, "மன்னிச்சுக்குங்க தம்பி, வயசாயிடுச்சு அவருக்கு" என்று சொல்லி மாமாவின் நீட்டின கையைப் பிடித்தார். பிடித்தவர் ஒரு நொடி விட்டுவிட்டார். அந்தக் கை அவ்வளவு சில்லென்று இருந்ததாம். அது குளிர்காலம்கூட இல்லை.

வண்டி மறுபடி கிளம்பியது. மாமா அத்தையின் தோளில் சாய்ந்துகொண்டு அழுதார். கல்யாணமான நாளிலிருந்து அவர் அழுது அத்தை பார்த்ததில்லை.

"நிறுத்தினா நிக்குது பாத்தியா... இன்னிக்கு நிக்குது. அன்னிக்கும் இதே மாதிரிதான் பிரேக்க இழுத்தேன். நிக்கலையே..."

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னார். அந்தக் கை காட்டினதையும் சேர்த்து. அத்தைக்குக் கோபம் வந்தது, அழுகையும் வந்தது.

"இத்தன வருஷமா ஒரே பாயில படுத்திருக்கோம். என்கிட்ட சொல்றதுக்கு என்ன?"

"சொன்னா நீயும் தூங்கமாட்டியே."

அத்தை அவர் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். கொஞ்ச நேரம் கழித்துக் கேட்டார், "ஏறிட்டாளா?"

ஏறிவிட்டாள் என்று மாமா தலையாட்டினார்.

அத்தை தன் சால்வையை அவர்மேல் போர்த்திவிட்டார். இவர் மனது ஆறினால் போதும் என்று இருந்துவிட்டார்.

உண்மையாகவே ஆறியது போலத்தான் இருந்தது. மறுநாள் பகல் முழுக்க மாமா அடித்துப்போட்டது போல் தூங்கினார். சாயங்காலம் எழுந்து, கோட்டு மாட்டிக்கொண்டு, பக்கத்து மேஜையைப் பார்க்காமலே கரண்டி பிடித்துச் சாப்பிட்டார். ராத்திரி பியானோ கேட்டார். பிரேக்கைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கல்யாணமான புதிதில் பார்த்த முகம் என்று அத்தை நெட்டையிடம் சொல்லியிருக்கிறார்.

விடிந்ததும் கடைசி ஸ்டேஷன். நல்ல வெயில். கூட்டம், பெட்டி உருட்டுகிற சத்தம், காபி வாசனை. கையுறைக்காரர் வாசலுக்குக் கீழே நடைமேடையில் நின்றுகொண்டு ஒவ்வொருவராகக் கைகொடுத்து இறக்கிவிட்டார். அவருக்கு மாமாவின் கதை எதுவும் தெரியாது. வயதானவர் தூக்கத்தில் சங்கிலி இழுத்துவிட்டார், அவ்வளவுதான் அவருக்கு.

அத்தையை இறக்கினார். மாமாவை இறக்கினார். இவர்கள்தான் அந்தப் பெட்டியில் கடைசி. அத்தை துணிப்பெட்டியை எடுக்கக் குனிந்தார்.

கையுறைக்காரர் மறுபடி வாசலைப் பார்த்துக் கையை நீட்டினார். அதே சிரிப்பு.

"பாத்து வாங்கம்மா, படி உயரம். குழந்தைய வெச்சுக்கிட்டு எப்படி இறங்குவீங்க? முதல்ல அவன என்கிட்ட குடுங்க."

அத்தை நிமிர்ந்து பார்த்தார். வாசலில் யாரும் இல்லை.

மாமா அசையாமல் நின்றார். குழந்தை என்று அவரிடம் யாரும் சொன்னதே இல்லை... அன்றைக்குப் பின்னால் நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்தவர்கூட.

கையுறைக்காரர் இரண்டு கையாலும் எதையோ வாங்கினார். துணியை இழுத்து மூடிவிடுவது போல ஏதோ செய்தார். பிறகு மாமாவிடம் திரும்பினார்.

"சார், ஒரு நிமிஷம் பிடிச்சுக்குங்க. அவங்க இறங்கட்டும்."

மாமா கைகளை ஏந்தினார்.

அத்தை கண்ணால் பார்த்தார். வெறும் கைகள்தான்... பாரம் வந்து விழுந்தது போல, கொஞ்சம் தாழ்ந்தன.